மேஸ்திரியைத் தேடி எட்டு நாள்

நாள் 1, ஞாயிறு. பிராங்ஸ், நியூயார்க்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஆடத் தெரியாது. 1990களில் நாகர்கோவிலில் காலேஜ் படித்த எல்லாரையும் போல நானும் பிரபுதேவாவைப் பார்த்துவிட்டு, வகுப்பு பெஞ்சுகளை ஓரம் தள்ளி 'பிரேக் டான்ஸ்' பழகினேன். ஆண்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு தலைகீழாக நின்றதில் கழுத்து சுளுக்கி, வர்மாணி ஆசானிடம் எண்ணெய் போட்டுக்கொண்டு வந்தேன். கை கால் ஒடிவதால்தான் அதற்கு பிரேக் என்று பெயர் என வெகுநாள் நம்பினேன்.

இல்லையாம். அந்தப் பெயர் பிறந்த கட்டடத்தின் முன்னால்தான் இப்போது நிற்கிறேன். 1520, செட்ஜ்விக் அவென்யூ. அருகில் நெடுஞ்சாலை இரைகிறது, அதற்கப்பால் ஹார்லம் ஆறு. நம் ஊர் ஹவுசிங் போர்டு குடியிருப்பை மேலும் உயர்த்திக் கட்டிய மாதிரி ஒரு செங்கல் கட்டடம். 1973 ஆகஸ்ட் 11 அன்று சிண்டி கேம்பல் என்ற பெண், பள்ளி திறப்பதற்குள் புதுத் துணி வாங்கக் காசு சேர்க்க, இதன் கீழ்த்தளப் பொது அறையில் ஒரு விருந்து வைத்தாள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50. பாட்டுப் போட்டது அவள் அண்ணன் கிளைவ், வயது 18. ஊர் அவனை கூல் ஹெர்க் என்றது. ஜமைக்காவின் கிங்ஸ்டனிலிருந்து சிறுவனாக வந்தவன்.

ஆடுகிறவர்கள் எந்த இடத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை ஹெர்க் கவனித்தான். பாடகர் வாயை மூடி, மற்ற வாத்தியங்கள் ஒதுங்கி, டிரம்மும் பேஸும் மட்டும் நிற்கிற அந்தச் சில நொடிகள். அதுதான் 'பிரேக்'. ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, ஒன்றில் அந்த இடம் முடிவதற்குள் இன்னொன்றில் அதே இடத்தைத் தொடங்கி, சில நொடியைச் சில நிமிடமாக இழுத்தான். அதற்கு ஆடியவர்கள் பிரேக் பாய்கள், சுருக்கமாக பி-பாய். என் கழுத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கடைச் சாமானோடு வந்த ஒரு பாட்டி, "போட்டோ எடுத்துக்கோ, ஆனா கதவை மறிக்காதே" என்றார். விலகினேன்.

எட்டு நாள் லீவை ஏன் இதற்குச் செலவழிக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. சிலம்பமும் களரியும் கப்பலேறி பிரேசிலில் கப்போயிரா என்ற, பாட்டுக்கும் தாளத்துக்கும் ஆடும் சண்டைக் கலை ஆயிற்றாம், கப்போயிரா நியூயார்க்குக்குப் போய் பிரேக் டான்ஸ் ஆயிற்றாம். ஆக எல்லாம் நம்முடையது. முதல் பாதி வெறும் ஆசை, கேட்டதும் தெரிந்துவிட்டது. இரண்டாம் பாதியை உலகத்தில் பலர் நம்புகிறார்கள். அதை நேரில் பார்த்துவிடலாம் என்றுதான் அலுவலக வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்பாமல் தெற்கே டிக்கெட் போட்டேன்.

நாள் 2, திங்கள். இன்னமும் நியூயார்க்

பூங்காவில் அறுபதைத் தொட்ட ஒரு பழைய பி-பாயோடு பேச வாய்த்தது. முழங்கால் இரண்டும் போய்விட்டது, தோள்பட்டை மட்டும் இன்றும் பாறை. "கப்போயிராவிலிருந்து எடுத்தீர்களா?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை. இந்தக் கேள்வி அவருக்கு அலுத்துப் போயிருந்தது.

"எங்களுக்கு மன்ஹாட்டனே வெளிநாடு. பிரேசிலுக்கு எங்கே போக?"

அவர்கள் எடுத்தது 42-ஆம் தெருவின் மலிவுத் தியேட்டர்களில் ஓடிய குங்ஃபூ படங்களிலிருந்து. ஜேம்ஸ் பிரவுனின் கால்களிலிருந்து. ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்து, புவேர்ட்டோ ரிக்கோ வீடுகளின் சல்சாவிலிருந்து, மாமன் மச்சான்களிடமிருந்து. ராக் ஸ்டெடி குழுவின் கிரேஸி லெக்ஸ் உட்பட பழைய பி-பாய்கள் பலர் இதையே பலமுறை சொல்லியிருக்கிறார்கள். தேதிகளும் அவர்கள் பக்கம்தான். ஜெலோன் வியெய்ரா, லொரெமில் மஷாடோ என்ற, பிரேசிலின் பஹியா மாநிலத்துக்காரர்கள் இரண்டு பேர் நியூயார்க்கில் கப்போயிராவைக் கொண்டுவந்து நிறுத்தியது 1975-இல். ஹெர்க்கின் விருந்துக்கு அப்போதே இரண்டு வயது.

பிறகு ஏதாவது ஒரு மேடையில் ஒரு பையன் பார்த்திருக்கலாம், ஒரு சுழற்சியைச் சுட்டிருக்கலாம். சுடாத கலைஞன் யார்? ஆனால் 'இதிலிருந்து அது பிறந்தது' என்பது வேறு பேச்சு. ஏழைப் பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடித்ததற்கு வேறெங்கோ ஓர் அப்பனைத் தேடிக் கொடுப்பதில் ஒரு மரியாதைக் குறைவு இருக்கிறது. அவர் சிரிக்காததன் அர்த்தம் ரயிலேறிய பிறகே எனக்கு உறைத்தது.

யேல் பல்கலைக்கழகத்தின் கலை வரலாற்றாசிரியர் ராபர்ட் ஃபாரிஸ் தாம்ப்சன் வேறொரு வழி காட்டினார். இரண்டுக்கும் அடியில் காங்கோ நிலத்தின் உடல்மொழி இருக்கிறது என்பது அவர் வாதம். காங்கோ நம்பிக்கையில் முன்னோர் வாழும் உலகம் நீருக்கு அடியில், நம் உலகத்துக்குத் தலைகீழாக. கையூன்றித் தலைகீழாய் நிற்பவன் அவர்களைப் போல நிற்கிறான். அப்படியென்றால் இவை அப்பனும் மகனும் அல்ல, ஒரே பூட்டியின் பேரப்பிள்ளைகள். நிரூபிக்க முடியாத வாதம்தான், ஆனால் பிராங்ஸ்காரரை அவமதிக்காத வாதம்.

நாள் 3, செவ்வாய்

விமானம், சாவ் பாவ்லோவில் ஐந்து மணி நேரக் காத்திருப்பு, மறுபடி விமானம். எழுத ஒன்றுமில்லை.

நாள் 4, புதன். சால்வடோர், பஹியா

இறங்கியதுமே காற்றில் குளச்சல் வாசம். உப்பு, ஈரம், தேங்காய். தெருவில் பலாச்சுளை விற்கிறார்கள். தென்னையும் மாவும் பலாவும் நம் பக்கத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் இங்கே கொண்டுவந்தவை. பதிலுக்கு இங்கிருந்து எடுத்துவந்த கொல்லாமரத்தில்தான், அதாவது முந்திரியில்தான், எங்கள் மாவட்டத்து அண்டி ஆபீஸ் பெண்கள் பலரின் பிழைப்பு ஓடுகிறது. கப்பலேறிய சங்கதிகள் உண்டு, வாட்ஸ்அப் சொல்கிறவை மட்டும் இல்லை.

லசெர்டா லிஃப்டில் 72 மீட்டர் ஏறி மேல்நகரம் போனேன். ஊரின் மையத்துக்குப் பெயர் பெலோரின்யோ. நீலம், மஞ்சள், ரோஸ் என்று பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தது போன்ற வீடுகள். பெயரின் பொருள் கசையடித் தூண். அடிமைகளைக் கட்டிவைத்து அடித்த கம்பத்தின் பெயர். பிரேசிலுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஏறத்தாழ 50 லட்சம். அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக, 1888-இல்தான் இந்த நாடு அடிமைமுறையை ஒழித்தது.

வெள்ளைப் பாவாடையும் தலைப்பாகையுமாக உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம் அக்கராஜே வாங்கினேன். தோல் நீக்கிய தட்டைப்பயறை அரைத்துச் செம்பனை எண்ணெயில் பொரிக்கிறார்கள். நடுவில் கீறி இறால் வைத்துத் தருகிறார்கள். வடைதான். நம் வடை இல்லை, நைஜீரியா பக்கத்து வடை.

மெர்காடோ மொடேலோ சந்தையில் பெரிம்பாவ் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. நான் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவன். கோயில் கொடையில் வில்லைக் குடத்தின் மேல் சாய்த்து வீசுகோலால் தட்டும் சத்தத்தில்தான் தூங்குவேன். இங்கேயும் ஒரு வில், நாணுக்குக் கம்பி, குடத்துக்குப் பதில் சுரைக்குடுக்கை, கையில் மெல்லிய குச்சி. ஆனால் அவர்கள் வில்லை நட்டமாகப் பிடித்து, குடுக்கையின் வாயை வயிற்றில் அணைத்தும் விலக்கியும் நாதத்தைத் திறந்து மூடுகிறார்கள். இடது கையில் ஒரு நாணயமோ கல்லோ கம்பியை அழுத்தும். வலது கை விரலில் மாட்டிய சின்னப் பின்னல் கூடைக்குள் விதைகள் கலகலக்கும், அதன் பெயர் கஷிஷி. நாணயத்துக்கு என் பர்சிலிருந்த பழைய தடிமன் ஐந்து ரூபாயைக் கொடுத்துப் பார்த்தேன். கடைக்காரர் இரண்டு தட்டுத் தட்டி, "சத்தம் சரி, சைஸ் போதாது" என்று திருப்பித் தந்தார்.

வர்ணம் பூசிப் பளபளக்கும் வில் சுற்றுலாக்காரருக்கு. வாசிக்கிற வில் சாயம் இல்லாத பிரிபா மரக்கம்பு. கம்பி பெரும்பாலும் பழைய டயரை அறுத்து எடுத்தது. அதில் ஒன்று வாங்கினேன்.

ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். "மக்கா, அந்த ஊர்லயும் வில்லு உண்டா? எந்தச் சாமிக்குப் பாடுவாவ?" என்றாள். சாமிக்கு இல்லை, சண்டைக்கு என்றேன். "சண்டைக்கு எதுக்குல பாட்டு?"

நாள் 5, வியாழன். கோட்டை

சாந்தோ அன்டோனியோ கோட்டை. கடலைப் பார்த்த பழைய இராணுவக் கோட்டை, சிறைச்சாலையாகவும் இருந்தது. இப்போது அதற்குள் கப்போயிராப் பள்ளிகள். அடைத்துவைக்கக் கட்டிய இடத்தில் மாலை ஆறு மணிக்குப் பெரிம்பாவ் ஒலிக்கிறது.

ஆசிரியரை 'மெஸ்த்ரி' என்கிறார்கள். நம் கொத்தனார் மேஸ்திரியும் இதே போர்ச்சுக்கீசியச் சொல்தான். சாவி, ஜன்னல், அலமாரியோடு வந்து இறங்கியது. அதனால் நான் அவரைக் கூச்சமில்லாமல் மேஸ்திரி என்றே கூப்பிட்டேன். அவரும் உச்சரிப்பு நன்றாயிருக்கிறது என்றார்.

முதல் பாடம் ஜிங்கா. நேராக நிற்காமல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஆடிக்கொண்டே இருப்பது. எனக்கு அரை மணி நேரம் வரவில்லை. பக்கத்தில் ஆடிய பொடியன் என்னை 'கொக்கேய்ரு' என்றான். தென்னைமரம். அங்கேயே பெயர் ஒட்டிக்கொண்டது.

பயிற்சி முடிந்து ஹோடா, அதாவது வட்டம். எழுத்தில் 'ரோடா', வாயில் 'ஹோடா'. மூன்று பெரிம்பாவ், அதில் அடித்தொண்டையில் பேசும் பெரியது குங்கா. கஞ்சிரா மாதிரி பாண்டெய்ரோ, மணி, நெளிநெளியாக வெட்டிய மூங்கிலைச் சுரண்டும் ஒரு கருவி, அட்டபாக்கி என்ற உயர முரசு. ஆடப்போகும் இருவர் குங்காவின் காலடியில் குத்தவைத்து உட்காருகிறார்கள். ஒருவர் "இயே!" என்று நீட்டி முழங்க, மற்ற குரல்கள் அடங்குகின்றன. அவர் தனியாக ஒரு பாட்டுப் பாடும்வரை யாரும் அசைவதில்லை. பிறகு எல்லாரும் பதில் பாட, இருவரும் கையூன்றி உள்ளே உருள்கிறார்கள். வேகம் என்ன, ஆட்டம் எப்போது முடிய வேண்டும் என்பதெல்லாம் குங்கா சொல்லும். அது கூப்பிட்டால் பாதி உதையிலும் நிறுத்திவிட்டு வரவேண்டும்.

அம்மாவின் கேள்விக்குப் பதில் இதில் இருந்தது. பாட்டு இல்லையென்றால் அது வெறும் சண்டை.

பிராங்ஸின் வட்டத்தை அவர்கள் சைஃபர் என்பார்கள். அதிலும் சுற்றி நிற்பவர்கள்தான் சுவர். அதிலும் இசை சொன்னபடிதான் கால். ஆனால் இங்கே உட்கார்ந்து பார்த்தபோது பெரிய வித்தியாசம் ஒன்று கண்ணில் பட்டது. பி-பாய்கள் போட்டியில் ஒருவர் ஆடி முடித்து ஒதுங்கிய பிறகுதான் அடுத்தவர் இறங்குவார். தொட்டால் தப்பு. பட்டிமன்றம் மாதிரி. இங்கே இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், குழாயடிச் சண்டை மாதிரி, ஆனால் ஒரே தாளத்தில். ஒருவன் கால் சுழன்று வரும்போது மற்றவன் தடுப்பதில்லை, அதற்கடியில் வழுக்கிப் போகிறான். உதையும் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிடுகிறது. அடித்திருக்கலாம் என்று காட்டுவதுதான் கௌரவம், அடிப்பது அல்ல.

என்னையும் இறக்கிவிட்டார்கள். எதிரே அறுபது தாண்டிய ஓர் அம்மா. பேரனைப் பள்ளியில் விட்டு வருகிறவர் போலச் சாதாரணமாக வந்து உட்கார்ந்தார். நான் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு கையை மேலே தூக்கினார். நானும் மேலே பார்த்தேன். அடுத்த நொடி கூரை தெரிந்தது. அதன் பெயர் ஹஸ்டெய்ரா, காலைக் கொக்கி போட்டு வாரிவிடுவது. எல்லாரும் சிரித்தார்கள், பாட்டு நிற்கவில்லை.

அவரே கைகொடுத்துத் தூக்கினார். பிறகு இருவரும் வட்டத்தின் உள்விளிம்பில் மெதுவாகச் சுற்றி நடந்தோம். மூச்சு வாங்க, கோபம் தணிய இப்படி நடப்பதற்கு 'உலகைச் சுற்றுதல்' என்று பெயர். இரண்டு முறை உலகைச் சுற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். மறுபடி விழுந்தேன்.

ஆளை ஏமாற்றும் இந்த நயத்தை மலீஸியா என்கிறார்கள். கெட்ட வார்த்தை அல்ல. கையில் ஆயுதம் இல்லாதவன் பிழைத்திருக்க வேண்டுமானால் இது தேவைப்பட்டது. பிராங்ஸிலும் இது உண்டு. தடுமாறி விழுவது போல நடித்து, விழுந்த இடத்திலேயே உறைந்து நின்று எதிராளியைப் பார்த்து ஏளனமாகச் சிரிப்பார்கள். நான் தேடிவந்த உறவு காலில் இல்லை, இந்தச் சிரிப்பில் இருக்கிறது என்று அப்போது தோன்றியது. சொல்பவனுக்கு இடுப்பில் பலத்த அடி என்பதையும் கணக்கில் கொள்க.

நாள் 6, வெள்ளி. ஓய்வு

இடுப்பில் ஐஸ். பால்கனியில் உட்கார்ந்து பழைய கதையைப் புரட்டினேன்.

1888-இல் விடுதலை. 1890-இல் வந்த புதிய தண்டனைச் சட்டத்தின் 402-ஆவது பிரிவு, தெருவில் கப்போயிரா ஆடினால் இரண்டு முதல் ஆறு மாதம் சிறை என்றது. விலங்கைக் கழற்றி இரண்டே வருடத்தில் கையசைப்பைக் குற்றமாக்கினார்கள். எல்லாருக்கும் பட்டப்பெயர் வைக்கும் வழக்கத்துக்குக் காரணம் போலீஸுக்கு உண்மைப் பெயர் தெரியாமலிருக்கத்தான் என்கிறார்கள். எனக்குத் தென்னைமரம் கிடைத்ததற்கு அந்த நியாயம் பொருந்தாது.

இந்தக் குற்றத்தைக் கலையாக்கியவர்கள் இரண்டு மேஸ்திரிகள். பிம்பா 1930களில் பள்ளி வைத்தார். பாடத்திட்டம், தேர்வு, பட்டமளிப்பு எல்லாம் ஏற்படுத்தினார். 1937-இல் அவர் பள்ளியை அரசு பதிவுசெய்தது. 1953-இல் அதிபர் வர்காஸ் முன்னால் ஆடிக் காட்டினார். பஸ்தீஞா 1941-இல் தன் பள்ளியைத் தொடங்கி, பழைய, தாழ்ந்த, மெதுவான அங்கோலா ஆட்டத்தைக் காத்தார். 1966-இல் டக்கார் நகரில் நடந்த ஆப்பிரிக்கக் கலைவிழாவுக்குப் போனார். கடல் கடந்து பிடித்துவரப்பட்டவர்களின் ஆட்டம் அதே கடலைத் திரும்பக் கடந்தது.

இருவர் முடிவும் நன்றாயில்லை. ஆதரவில்லை என்ற கசப்போடு ஊரை விட்டுப் போன பிம்பா 1974-இல் கொயானியாவில் இறந்தார். பஸ்தீஞாவின் இடம் பெலோரின்யோவைச் சீரமைக்கிறோம் என்ற பேரில் பறிபோனது. பார்வையிழந்து வறுமையில் 1981-இல் போனார். 2014-இல் யுனெஸ்கோ ஹோடாவை மனிதகுலப் பாரம்பரியம் என்று பட்டியலில் சேர்த்தது. இன்று சதுக்கத்தில் கொட்டை எழுத்தில் அவர்கள் பெயர் போட்ட பனியன்கள் தொங்குகின்றன. நானும் ஒன்று வாங்கினேன், கொஞ்சம் வெட்கத்தோடு.

நாள் 7, சனி. விமான நிலையம்

வில் பிரச்சினையாகிவிட்டது. ஒன்றரை மீட்டர் கம்பு கைப்பையில் வராது, சரக்கில் போட்டால் டிக்கெட் விலையில் பாதி கேட்டார்கள். வாதாடிப் பார்த்தேன், கவுண்டர் பெண் பெலோரின்யோ கம்பமாட்டம் நின்றாள். கம்பியை அவிழ்த்துச் சுருட்டி, சுரைக்குடுக்கையையும் கஷிஷியையும் மட்டும் பையில் வைத்துக்கொண்டு, கம்பை வெளியே நின்ற டாக்ஸி ஓட்டுநரிடம் கொடுத்தேன். தன் மகள் பழகுகிறாள் என்றார். நல்லது.

நாள் 8, ஞாயிறு. சாவ் பாவ்லோ

தேடியது கடைசியில் இங்கே கிடைத்தது, அதுவும் நடந்துபோகும் தூரத்துக்குள்.

காலையில் ரிபப்ளிகா சதுக்கத்துச் சந்தை. மேஸ்திரி அனனியாஸ் என்ற பஹியாக்காரர் 1950களிலிருந்து ஹோடா நடத்திய இடம். இன்றும் வட்டம் கூடியிருந்தது. அங்கிருந்து 24 டி மாயோ தெருவில் இறங்கினேன். 1983 வாக்கில், இராணுவ ஆட்சி இன்னும் முடியாதபோது, நெல்சன் ட்ரியுன்ஃபோ என்ற நெட்டை முடிக்காரரும் கூட்டாளிகளும் டேப் ரிக்கார்டரோடு பிரேக் ஆடிய தெரு. போலீஸ் விரட்டும், மறுநாளும் வருவார்கள். பிறகு கூட்டம் சாவ் பென்டோ மெட்ரோ நிலையத்துக்கு மாறியது, தரை அங்கே வழவழப்பு. ஷா பாலத்தைத் தாண்டி அதற்கும் நடந்தேன். சதுக்கத்திலிருந்து மொத்தம் இருபது நிமிடம்கூட இல்லை. 1890-இல் ஆடியவனை விரட்டிய அதே போலீஸ், சுமார் நூறு வருடம் கழித்துத் தலையால் சுழன்றவனை விரட்டியிருக்கிறது.

பிராங்ஸ் பையன்கள் பிரேசிலைப் பார்க்காமல் ஆடினார்கள். ஆனால் பிரேக் பிரேசிலுக்கு வந்தபோது அதைக் கற்ற உடம்புகள் பலவற்றில் ஏற்கெனவே ஜிங்கா ஊறியிருந்தது. 2010-இல் டோக்கியோவில் ரெட் புல் பி.சி. ஒன் என்ற பிரேக் போட்டியின் பட்டத்தை வென்ற பிரேசில்காரர் நெகின், சின்ன வயதிலிருந்தே கப்போயிராக்காரர். ஆக, வாட்ஸ்அப் செய்தியின் அம்புக்குறி திசை மாறிப் போட்டது.

நிலையத்தருகே நாலைந்து பேர் சின்ன ஸ்பீக்கரோடு பழகிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கப்போயிராவின் பக்கவாட்டுக் குட்டிக்கரணத்தில் உள்ளே வந்து, ஒரு கையூன்றித் தாழ்ந்து, அப்படியே பிரேக்கின் தரையோட்டத்துக்குள் போனான். எது எங்கே முடிகிறது என்று கேட்டேன். "எட்டு வயசில் அது, பன்னிரண்டில் இது. நடுவில் கோடு போட்டுத் தரச் சொன்னால் எனக்குத் தெரியாது" என்றான்.

2024 பாரிஸ் ஒலிம்பிக் பற்றியும் கேட்டேன். கனடாவின் ஃபில் விசார்டும் ஜப்பானின் அமியும் தங்கம் வென்றதைப் பார்த்திருக்கிறான். 2028-க்குப் பட்டியலில் பிரேக்கிங் இல்லை என்பதில் அவனுக்குப் பெரிய வருத்தம் இல்லை. நடுவர் உட்கார்ந்தால் வட்டம் உடைந்து அரைவட்டமாகிவிடுகிறதாம். கப்போயிராவையும் ஒலிம்பிக்குக்குக் கொண்டுபோகலாமா என்று இங்கே சண்டை நடக்கிறது. கோட்டையில் என்னை வாரிவிட்ட அம்மாவுக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பார்கள் என்று யோசித்தேன்.

இன்று இரவு விமானம். பையில் ஒரு சுரைக்குடுக்கை, ஒரு சுருள் டயர்க்கம்பி, ஒரு கஷிஷி, சைஸ் போதாத ஐந்து ரூபாய். அம்மா தெக்கூர் வில்லுப்பாட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். அதற்குள், ஆள் உயரத்துக்கு வளைந்தும் ஒடியாத கம்பு எந்த மரத்தில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். மூங்கில் வேண்டாம், மேஸ்திரி ஒத்துக்கொள்ளமாட்டார்.